ஹேடோவுக்கு நால்வர் போதும்

மார்கழி சீசன் மும்முரமாக இருக்கும் நேரத்தில், சென்னை மியூசிக் அகாடமி மேடையில் ஒரு ஜெர்மன் ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்தது. தேதி 2005 டிசம்பர் 26. சுனாமி தாக்கி சரியாக ஓராண்டு. இறந்தவர்களின் நினைவாக வாசித்தது பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ரா. கையில் கோலுடன் முன்னால் நின்றவர் சூபின் மேத்தா.

கண்டக்டர் என்றால் நமக்கு விசில்தான் ஞாபகம் வரும். இந்தக் கண்டக்டரோ தான் ஒரு சத்தமும் எழுப்பாமல் மற்றவர்களின் சத்தத்தை ஒழுங்குபடுத்துபவர். 1936இல் பம்பாயில் பிறந்த மேத்தா, அந்தக் கோலை அடிபட்ட ஊர்களுக்கும் கொண்டுபோனார். 1994இல், போரில் எரிந்த சரயேவோ நூலகத்தின் இடிபாடுகளுக்கு நடுவே மொஸார்ட்டின் இரங்கல் இசை. 2013இல், எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவே ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் பீத்தோவன். 2001இல் பத்ம விபூஷண் கிடைத்தது. 80 வயதானபோது, 2016இல், மும்பையே விழா எடுத்தது.

ஆனால் ஒரு பாக்கி இருக்கிறது. சுனாமி நினைவுக் கச்சேரி நடந்தது சென்னையில். இந்தியாவில் அலை முதலில் தாக்கியதோ அந்தமான் நிக்கோபாரை. வீடு வாசல் இழந்த நிக்கோபார் மக்கள் போர்ட் பிளேயர் முகாம்களில் தங்க வைக்கப்பட்டார்கள். அந்த நகரத்தின் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) துறைமுகப் பகுதிதான் ஹேடோ. சென்னையிலிருந்து கப்பலேறினால் மூன்று நாள் ஆகும். ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை அங்கே கொண்டுபோய் இறக்குவது லேசான காரியமல்ல.

வழி மேத்தாவின் வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய தந்தை மெஹ்லி மேத்தா 1935இல் பம்பாய் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். 1940இல் நால்வர் தந்திக் குழு ஒன்றையும் அமைத்தார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. சிறுவன் சூபின் வளர்ந்ததே இந்த ஒத்திகைகளைக் கேட்டுத்தான். 'சேம்பர் மியூசிக்' எனப்படும் இந்த அறை இசைக்குக் கண்டக்டர் கிடையாது. நம் கச்சேரியில் பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்களே, அப்படித்தான் இதுவும்.

முதுபெரும் கண்டக்டருக்குக் கண்டக்டரே இல்லாத கச்சேரியால் மரியாதையா? அதுதான் பொருத்தம். சொல்லித்தர ஆள் நிற்காதபோதும் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதுதானே அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம்!

பெரிய அரங்கம் வேண்டாம், மைக்கும் வேண்டாம். ஹேடோவில் ஒரு பள்ளிக்கூட ஹால், நான்கு நாற்காலிகள், ஒரு டிசம்பர் 26 மாலை. தமிழும் வங்காளமும் தெலுங்கும் பேசும் அந்த ஊருக்கு, மொழி கேட்காத இசை ஒரு மணி நேரம் ஒலித்தால் பாக்கி தீரும்.