துறைமுகத்தின் இரைச்சல்

கடற்பயண நூல்களை விரும்பி வாசிக்கும் நம்மில் பலருக்கு ஒரு சாய்வு உண்டு. ஆளரவமற்ற குடாவும் தனிமையுமே மெய், துறைமுகமும் அதன் இரைச்சலும் பொய் என்று எண்ணுவோம். 1969இல், உலகைத் தனியே சுற்றிவரும் பாய்மரப் போட்டியைப் பாதியில் துறந்து, இங்கிலாந்துக்குத் திரும்பாமல் தாஹித்தி தீவுக்குப் போய்விட்ட பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியே இச்சாய்வின் நாயகர். நாங்களும் அவர் அணியினராகவே இருந்தோம், சிட்னி துறைமுகத்துக்குள் ஒரு சிறு பாய்மரப் படகில் நுழையும் வரை.

அதற்கு முன் இரண்டு இரவுகள், நகருக்கு வடக்கே புரோக்கன் பே என்னும் விரிகுடாவின் உட்கிளையொன்றில் தங்கியிருந்தோம். மணற்பாறைச் சரிவுகள், யூகலிப்டஸ் மரங்கள், ஒரு சிற்றருவி. முதல் இரவில் பேச்சே எழவில்லை. இரண்டாம் இரவில் அடுத்த படகிலிருந்து கேட்ட சிரிப்பொலி எங்களுக்குத் தாங்கமுடியாத குற்றமாகப் பட்டது. அமைதி எங்களைக் கனிவித்ததாகச் சொல்வதற்கில்லை. அதைச் சொந்தச் சொத்தாகக் கருதத் தொடங்கியிருந்தோம்.

மூன்றாம் நாள், 1881இல் கட்டப்பட்ட பேரன்ஜோயி கலங்கரை விளக்கத்தைக் கடந்து தெற்கே திரும்பினோம். வடகிழக்குக் காற்று பின்னிருந்து தள்ள, சுமார் 15 கடல் மைல் தொலைவில் துறைமுக வாயிலின் இரு பாறை முகப்புகள் தெரிந்தன. 1857இல் டன்பார் என்னும் கப்பல் இருளில் அவ்வாயிலைத் தவறவிட்டுப் பாறையில் மோதியது. 121 பேர் மாண்டனர், ஒருவர் மட்டுமே பிழைத்தார். மறு ஆண்டே தென்முகப்பில் ஹார்ன்பி விளக்கு ஏற்றப்பட்டது. திறந்த கடலிலிருந்து வருபவனுக்குத் துறைமுகம் எத்தகைய அடைக்கலம் என்பதை அந்த விளக்கு சொல்லாமல் சொல்கிறது.

உள்ளே நுழைந்ததும் மான்லி பயணிகள் படகு எதிர்ப்பட்டது. பாய்மரத்துக்கு எஞ்சின் படகு வழிவிட வேண்டும் என்பது கடலின் பொது விதி. ஆனால் சிட்னியில், ஆரஞ்சு நிற வைர வடிவச் சின்னம் தாங்கிய பயணிகள் படகுகளுக்குப் பாய்மரமே வழிவிட வேண்டும். சுக்கானைத் திருப்பினோம். பாய் படபடத்தது, வேகம் போயிற்று, எரிச்சலும் வந்தது. எங்களைக் கடந்த அந்தப் படகின் சன்னல்களில் பலநூறு முகங்கள். வேலை முடிந்து வீடு திரும்புபவர்கள். ஒருவரும் எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பொழுதுபோக்க வந்தவர்கள் பிழைப்புக்குப் போய்வருபவர்களுக்கு ஒதுங்கி நிற்பதில் என்ன அநீதி இருக்கிறது? அவ்விதியை நியாயத்தின் கூர்மையான வடிவமாகவே இன்று கருதுகிறோம்.

இலக்கிய அன்பர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1927இல் ஓவியர் ஜோ லிஞ்ச் இதே துறைமுகத்தில் பயணிகள் படகொன்றிலிருந்து விழுந்து மூழ்கினார். உடல் கிடைக்கவில்லை. அவருடைய நண்பர் கென்னத் ஸ்லெஸ்ஸர் அந்த இழப்பைப் பற்றி எழுதிய 'ஐந்து மணிகள்' என்ற நெடுங்கவிதை 1939இல் வெளிவந்தது. தலைப்பில் உள்ளது கப்பல் மணியின் கணக்கு. ஆஸ்திரேலியக் கவிதையின் உச்சங்களில் ஒன்றாக மதிக்கப்படும் அப்படைப்பு பிறந்தது ஆளற்ற குடாவில் அல்ல. கப்பல்களும் விளக்குகளும் நெருக்கியடிக்கும் இந்த நீரில்தான் ஒரு மனிதனின் இன்மை அவ்வளவு உரக்கக் கேட்டிருக்கிறது.

குடாக்கள் வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். அவை காக்கப்பட வேண்டியவை, மனம் ஓய அவை தேவை. ஆனால் அங்கே நாங்கள் தின்ற ரொட்டியும் குடித்த நீரும் ஏதோவொரு துறையிலிருந்து ஏற்றப்பட்டவையே. தனிமையைப் பாடும் எழுத்து இக்கடனை மறைக்கும்போது அதில் ஒரு பொய் சேர்ந்துவிடுகிறது. கரைக்குத் திரும்பி, பிறருக்கு வழிவிட்டு, கூட்டத்தில் ஒருவராகக் கலந்துவிடும் பயணியையும் நம் வாசிப்பு சற்று மதிக்கட்டும். முவாத்தெசியேயின் மேல் எங்களுக்கு இன்றும் அன்பு உண்டு. அவரைப் போல் விலகிச் செல்வதுதான் உயர்ந்தது என்று இனி வாதிட மாட்டோம்.