நல்ல ஓட்டுநருக்கு ஏ.பி.எஸ். எதற்கு?



"நன்றாக ஓட்டத் தெரிந்தவனுக்கு ஏ.பி.எஸ். எதற்கு? பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் போதாதா?" என வினவுவோர் நம்மிடையே இன்னும் உளர். போதாது என்பதே என் மறுமொழி.

அழுத்தி மிதிக்கையில் முன்சக்கரங்கள் சுழலாது இறுகிவிட்டால், ஸ்டீரிங்கை எப்பக்கம் திருப்பினாலும் மகிழுந்து வழுக்கிக்கொண்டு நேரேதான் செல்லும். ஏ.பி.எஸ். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளந்து, இறுகப்போகும் சக்கரத்தின் பிரேக்கை நொடிக்குப் பலமுறை தளர்த்திப் பிடிக்கிறது. நிலைப்புக் கட்டுப்பாடோ, வண்டி வளைவில் தடம் மாறினால் தேவையான சக்கரத்தை மட்டும் தானே பிடிக்கிறது. நம் காலுக்கு இருப்பதோ நான்கு சக்கரத்துக்கும் ஒரே மிதி! எந்தச் சூரரால் இது இயலும்?

1978இல் ஏ.பி.எஸ்., 1995இல் நிலைப்புக் கட்டுப்பாடு என இரண்டும் மெர்சிடிஸ் சொகுசு வண்டிகளில் வந்தன. மலேசியாவில் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமானது 2018இல். அதுவும் புதிதாக அறிமுகமாகும் மாதிரிகளுக்கே. தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் வாங்கும் பழைய கஞ்சிலுக்கு அச்சட்டம் எட்டாது. தைப்பிங் மழையிலும் சுங்கை சிப்புட் சாலையிலும் நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது அவ்வண்டிகளில்தானே?

ஸ்போர்ட்ஸ் ரிம்முக்குப் பணம் உண்டு, உயிருக்கு இல்லையா? அடுத்த வண்டி பழையதே ஆயினும், இவ்விரண்டும் உள்ளனவா எனக் கேட்டு வாங்குங்கள். ஏ.பி.எஸ். விளக்கு அணையாது எரிந்தால் உடனே பட்டறைக்குச் செல்லுங்கள். அவசரத்தில் மிதி அதிர்ந்தாலும் காலை எடுக்காதீர்கள். தேய்ந்த டயரை எந்தக் கருவியும் காப்பாற்றாது.