நான்காண்டு முடிந்த பிறகு?

பிளஸ் டூ முடித்த பையனோ பெண்ணோ ‘நேவிக்கு அப்ளை பண்ணப்போறேன்’ என்று சொன்னால் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறார். அல்லது தேர்வு எழுதும் முன்பே அப்பா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிடுகிறார். தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைப்பதுதான் பாக்கி. முதலாவது மிரட்டல், இரண்டாவது நெருக்கடி. பிள்ளை எந்த நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போடப்போகிறது என்பதை இரண்டு வீட்டிலும் யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

கடற்படையில் சேர நினைக்கும் பிள்ளையைப் பெற்றோர் தடுக்கக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு. பதினேழரை வயதில் சேர்பவருக்குத்தான் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பதினெட்டு முடிந்துவிட்டால் சட்டம் அவரை மட்டுமே கேட்கிறது. வீட்டாரிடம் அவர் எதிர்பார்ப்பது அனுமதியைவிடப் பெரிய ஒன்று: நான்காண்டு கழித்துத் தன் கையில் என்ன இருக்கும் என்று தன்னோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் ஆட்கள்.

கடலைப் பற்றிய பயத்தை முதலில் பேசிவிடுவோம். அது வெறும் பிரமை இல்லை. 1971 டிசம்பர் 9 அன்று அரபிக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட ஐ.என்.எஸ். குக்ரி கப்பலோடு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அது போர்க்காலம். 2013 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்திலேயே நின்றிருந்த சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தபோது போர் எதுவும் இல்லை. படை வேலையில் ஆபத்தே கிடையாது என்று பிள்ளைக்கோ தாய்க்கோ யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் இந்த ஆபத்தைப் பிள்ளை அறிந்தேதான் வருகிறது. பத்தொன்பது வயதில் அதைத் தேர்ந்தெடுக்க அதற்கு உரிமையும் இருக்கிறது. பெரும்பாலும் அது அறியாதது வேறொன்று. அங்கேதான் பெரியவர்கள் தேவைப்படுகிறார்கள்.

2022 ஜூனில் மத்திய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன் மாலுமியாகச் சேர்ந்தவர் குறைந்தது 15 ஆண்டு பணியாற்றி, ஓய்வூதியத்தோடு வெளியே வந்தார். ‘கால் காசு உத்தியோகமானாலும் கவர்மென்ட் உத்தியோகம்’ என்று பிள்ளையை அனுப்பிவைக்கும் தகப்பன்மார் இன்னும் அந்தப் பழைய படத்தையே மனதில் வைத்திருக்கிறார்கள். இன்று மாலுமியாகச் சேரும் இளைஞர் பெரும்பாலும் அக்னி வீரர். அவருடைய பணிக்காலம் நான்காண்டு. அதன்பின் ஓர் அணியில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். அதாவது, நால்வரில் மூவராவது வீடு திரும்புவார்கள். ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது.

சம்பளக் கணக்கு இது. முதலாண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 பிடித்தம் போகக் கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் 40,000, கைக்கு 28,000. பிடித்த தொகை நான்காண்டில் 5.02 லட்சம் ஆகும். அதே அளவு அரசும் போட, 10.04 லட்சம், வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் ‘சேவா நிதி’யாக வெளியேறும் நாளில் கிடைக்கும். வருமான வரி இல்லை. பணியில் இருக்கும்போது 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. திருமணமாகாதவர்தான் சேரலாம், நான்காண்டு முடியும்வரை திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. பிடிக்கவில்லை என்று இடையில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதும் சாதாரணமாக நடக்காது. விதிவிலக்கான சூழலில் மட்டுமே விடுவார்கள்.

இருபத்திரண்டு வயதில் பதினோரு லட்சம் என்பது நம் கிராமத்து வீடுகளுக்குச் சிறிய தொகை அல்ல. ஆனால் அது வரும் முன்பே அக்கா கல்யாணத்துக்கு என்றும், வீட்டுக்கு மேல்தளம் போட என்றும் பங்கு பிரிக்கப்பட்டுவிடும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். பிள்ளைக்குத் துணை நிற்பதாகச் சொல்லும் பெற்றோர் செய்யக்கூடிய முதல் காரியம், அந்தப் பணத்தில் கை வைக்க மாட்டோம் என்று இன்றே வாக்குக் கொடுப்பது. இரண்டாவது, அந்த நான்காண்டுக்குள் பிள்ளை ஒரு பட்டத்தையாவது முடிக்கும்படி பின்னால் நின்று நச்சரிப்பது. படையில் பெறும் பயிற்சியையே பாதி ‘கிரெடிட்’டாகக் கணக்கில் கொள்ளும் பட்டப் படிப்பை இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அக்னி வீரர்களுக்கென வைத்திருக்கிறது. கப்பலில் இருப்பவன் தேர்வுக்குப் படிப்பானா என்று கேட்கலாம். ஊரில் இருப்பவன் மட்டும் படிக்கிறானா என்ன!

எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதும் பெரிய விஷயம். பத்தாம் வகுப்புத் தகுதியில் ‘எம்.ஆர்.’ பிரிவில் சேர்ந்தால் சமையல், பரிமாறல், துப்புரவு ஆகியவைதான் முக்கியப் பணிகள். கணிதமும் இயற்பியலும் படித்த பிளஸ் டூ மாணவர் ‘எஸ்.எஸ்.ஆர்.’ பிரிவுக்குப் போகலாம். எந்த வேலையும் இழிவில்லை. ஆனால் பீரங்கியையும் ராடாரையும் கனவு கண்டு ஒடிசாவின் சில்கா ஏரிக்கரைப் பயிற்சி மையத்துக்கு ரயிலேறும் பையன், தான் சமையல் பிரிவுக்குத்தான் போகிறோம் என்பதை ரயிலேறும் முன் தெரிந்திருக்க வேண்டும். நிறக்குருடு இருந்தால் மருத்துவச் சோதனையில் வெளியே வர வேண்டியதுதான். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடலாம். பச்சை குத்திக்கொள்ளும் ஆசையையும் தள்ளிவைப்பது நல்லது.

அதிகாரியாகும் வாசல் இன்னொன்று இருக்கிறது. கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாடமியில் நான்காண்டு பி.டெக். படிப்பு, செலவெல்லாம் அரசுடையது, முடித்தால் நிரந்தர அதிகாரப் பணி, அக்னிபத் நிபந்தனை எதுவும் இல்லை. இதற்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதே ஜே.இ.இ. மெயின் தரவரிசையைப் பார்த்துத்தான். நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடப்பதால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் பலர் ஜே.இ.இ. பக்கமே போவதில்லை. ஐ.ஐ.டி. ஆசை இல்லாதவருக்கு அது எதற்கு என்று ஆசிரியர்களும் விட்டுவிடுகிறார்கள். இப்படித்தான், அதிகாரியாகக்கூடிய மாணவர் வாசல் இருப்பதே தெரியாமல் நான்காண்டு ஒப்பந்தத்தில் போய் நிற்கிறார். படையில் சேர விருப்பம் என்று பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் சொன்னால், பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘ஜே.இ.இ.க்குத் தயாராகிறாயா’ என்பதுதான்.

புரோக்கர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடற்படைக்கு ஆளெடுப்பது தேர்வு, ஓட்டம், மருத்துவச் சோதனை வழியாக மட்டுமே, 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் மகன்தான் ஓட வேண்டும், எந்தப் புரோக்கரும் ஓடித் தர முடியாது. மெர்ச்சன்ட் நேவி என்பது முற்றிலும் வேறு, வணிகக் கப்பல் வேலை. இரண்டையும் குழப்பிப் பேசிப் பணம் கேட்பவரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

மகள் விருப்பம் தெரிவிக்கும் வீடுகளில் எதிர்ப்பு இருமடங்காகிறது. ஆனால் கடற்படை இந்த விஷயத்தில் நம் வீடுகளைவிட வேகமாக மாறிவிட்டது. மாலுமிகளாகப் பெண்களை முதன்முதலில் எடுத்தது அக்னி வீரர் சேர்க்கையில்தான். 2023 மார்ச்சில் சில்காவிலிருந்து வெளிவந்த முதல் அணியில் 273 பெண்கள் இருந்தார்கள். பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டுக்காரரான தில்னாவுடன் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார். படகில் அவர்கள் இருவர் மட்டுமே. பெண்பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்று கேட்பவர்கள் அந்த இருவரையும் ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.

கடலோரக் குடும்பங்களின் தயக்கத்தை மட்டும் இப்படிச் சுலபமாக ஒதுக்க முடியாது. இலங்கைக் கடற்படையிடம் படகையும் வலையையும் பறிகொடுத்தவர்களுக்குச் சாம்பல் நிறக் கப்பலைக் கண்டாலே அடிவயிறு கலங்கும். 2022 அக்டோபரில் பாக் நீரிணைப் பகுதியில் நம் கடற்படையே சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் காயமடைந்தார். அந்த மனக்காயம் இன்னும் ஆறவில்லை. அதே கடற்படையின் ஜலஷ்வா கப்பல்தான் 2020 ஜூலை 1 அன்று, கொரோனாவில் ஈரானில் சிக்கித் தவித்த அறுநூற்றுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் பலர் மீனவர்கள். இரண்டையும் கண்ட கரையிலிருந்து ஒரு மீனவர் மகன் கடற்படைக்குப் போனால், நீரோட்டமும் காற்றும் மீனவர் பேச்சும் அறிந்த ஒருவர் அந்தக் கப்பலில் இருப்பார். போக வேண்டாம் என்று சொல்வதைவிட, அப்படிப்பட்டவர்கள் அதிகம் போவதே கரைக்கு நல்லது.

குடும்பத்தின் பொறுப்பைச் சொன்னோம். அரசுகளின் பொறுப்பு அதைவிடப் பெரியது. கடற்படையின் முதல் அக்னி வீரர்கள் சில்காவுக்குப் போனது 2022 இறுதியில். அவர்களின் நான்காண்டு 2026 இறுதியில் முடிகிறது. மத்தியக் காவல் படைகளில் 10 விழுக்காடு ஒதுக்கீடு என்று மத்திய அரசு 2022இல் அறிவித்தது. அந்த இடங்கள் உண்மையில் நிரப்பப்படுகின்றனவா என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். மத்தியக் காவல் படைகளின் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். கடற்படையின் அக்னி வீரர் தேர்வுக்கு மட்டும் இந்தியும் ஆங்கிலமும் போதும் என்பது என்ன நியாயம்? தமிழ் வழியில் இயற்பியல் படித்தவருக்கு ஓம் விதி தெரியாமலா போய்விட்டது?

மாநில அரசுக்கும் ஒரு சொல். அக்னிபத் திட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2022இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் கோரினார், அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் திட்டத்தை எதிர்த்துவிட்டோம் என்பதற்காக அதில் சேர்ந்த நம் பிள்ளைகளைக் கவனிக்கும் கடமை தீர்ந்துவிடாது. காவலர் பணியில் அக்னி வீரர்களுக்கு 20 விழுக்காடு என்று உத்தரப் பிரதேசம் 2025இல் முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் காவல், தீயணைப்பு, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ஆகியவற்றில் எத்தனை இடம், வயது வரம்பில் எத்தனை ஆண்டு தளர்வு என்பதை எண்ணோடு அரசாணையாக வெளியிட வேண்டும். முன்னாள் படைவீரர் என்ற தகுதி அவர்களுக்கு இல்லாததால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனாலும் ‘உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் வராது’ என்று திருப்பி அனுப்ப இடமிருக்கிறது. அந்த அலுவலகங்களிலேயே அக்னி வீரர்களுக்கெனத் தனிப் பதிவேடு தொடங்கலாம். அதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.