ஒரே ராத்திரியில் செஞ்சி!

அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையைக் கண்டதும், ‘இதை யாரால் பிடிக்க முடியும்?’ என்றுதான் நினைப்பார்கள். மூன்று குன்றுகளை வளைத்த மதில். உள்ளே நெற்களஞ்சியம், சுனை. வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்: உள்ளே இருப்பவன் சேமித்ததைச் சாப்பிடுகிறான், முற்றுகை போட்டவனோ அன்றாடம் அரிசிக்கு அலைகிறான். ஔரங்கசீப்பின் படையே 1690 முதல் 1698 வரை வெளியே கிடந்து தவித்தது.

ஆனால் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்காக முகமதலியும் சந்தா சாகிபும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரில் நடந்ததைக் கேளுங்கள். 1750 செப்டம்பரில், களத்தில் தோற்ற முகமதலியின் ஆட்கள் செஞ்சிக்கு ஓடி வந்தார்கள். சந்தா சாகிபின் துணைவரான பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் கோட்டையைப் பிடித்துவிட்டார்! மதில் இருந்தது, சுனை இருந்தது, தெம்புதான் இல்லை.

1752-ல் ஆங்கிலேயர் வந்தார்கள், முடியாமல் திரும்பினார்கள். அப்போது உள்ளே இருந்தது பிரெஞ்சுப் படை.