வாத்தியத்துக்கு வட்டி வருமா?

"நல்ல பியானோ செலவல்ல, முதலீடு" என்பது விற்பனைக்கூடங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் ஸ்டெயின்வே நிறுவனத்தின் பியானோ. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சில ஆயிரம் டாலருக்குக் கிடைத்த கிராண்ட் பியானோ, இன்று லட்சம் டாலரைத் தொடுகிறது என்பார்கள்.

உண்மைதான். ஆனால் அது இன்று பட்டறையிலிருந்து வரும் புதிய பியானோவின் விலை. வீட்டில் இருப்பதோ ஐம்பது வருடம் வாசித்துத் தேய்ந்த பழையது. விலைவாசியையும் மறக்கக்கூடாது. 1970-க்கும் 2020-க்கும் இடையே அமெரிக்காவில் பொருள்களின் விலை ஆறரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அன்று 6,000 டாலர் கொடுத்தவர் 40,000-க்கு விற்றால்தான் போட்ட பணத்தின் மதிப்பாவது திரும்பும். லாபம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து ஏலக் கதைகள். ஜான் லெனன் 'இமாஜின்' பாடலை உருவாக்கிய ஸ்டெயின்வேயை 2000-ல் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் 14.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். அது ஒரு சாதாரண நிமிர்ந்த பியானோ. 'காஸாபிளாங்கா' படத்தில் பாரிஸ் காட்சியில் வரும் பியானோ 2012-ல் ஆறு லட்சம் டாலருக்குப் போனது. அதில் 88 கட்டைகள்கூட இல்லை, 58தான்! இங்கே விலைபோனது வாத்தியமல்ல, அதைத் தொட்ட விரல்களின் புகழ். அந்தப் புகழ் பக்கத்து வீட்டு பியானோவுக்கு ஒட்டாது.

ஸ்ட்ராடிவாரி வயலின்கள் கோடிக்கணக்கில் விற்கின்றனவே என்று கேட்கலாம். 'லேடி பிளண்ட்' வயலின் 2011-ல் 1.59 கோடி டாலர் பெற்றது மெய்யே. ஆனால் வயலின் கைக்கு அடக்கமான மரப்பேழை; மூன்று நூற்றாண்டு கடந்தும் மேடையேறுகிறது. பியானோ ஓர் இயந்திரம். ஆயிரக்கணக்கான உறுப்புகள், இருநூறுக்கும் அதிகமான கம்பிகள், அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்போ ஏறத்தாழ இருபது டன். சுத்தியல்களின் கம்பளி இறுகும், முறுக்காணிகள் பிடி தளரும், வெயிலும் ஈரமும் மாறிமாறித் தாக்கி ஒலிப்பலகை விரிசல் விடும். முழுமையாகப் புதுப்பிக்கப் பல்லாயிரம் டாலர் ஆகும். சுருதி சேர்க்கும் கூலி, ஏற்றி இறக்கும் செலவு ஆகியவற்றை யாரும் லாபக் கணக்கில் கழிப்பதில்லை.

மற்ற பெயர்களைவிட ஸ்டெயின்வே மெதுவாகத்தான் மதிப்பிழக்கிறது, மறுப்பதற்கில்லை. மெதுவாக இழப்பதை வளர்ச்சி என்று சொல்லி, பிள்ளையின் இசைப்படிப்புக்காக வரும் பெற்றோரைக் கடன் வாங்கத் தூண்டுவது அநியாயம். அதே அமெரிக்காவில், இலவசமாகத் தந்தாலும் எடுத்துப்போக ஆளில்லாத பழைய பியானோக்கள் குப்பைக்கிடங்குக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.