கையெழுத்து வேஷம்

இங்கிலீஷ் கலியாணப் பத்திரிகைகளில் கையெழுத்து மாதிரி அச்செழுத்துப் போடுவது இப்போது ஒரு மோகம். அழகில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிரெஞ்சுக்காரர் ரோஜர் எக்ஸ்கோஃபான் 1953-ல் தம் கையெழுத்தையொட்டி அமைத்த ‘மிஸ்ட்ரால்’, எழுத்தோடு எழுத்து கைகோத்து ஓடும். கடைப் பலகையில் இரண்டு வார்த்தைக்கு வெகு ஜோர். அந்த ஜாதி எழுத்திலேயே முகூர்த்த நேரத்தையும் மண்டப விலாசத்தையும் போட்டால்? ஒன்றா, ஏழா என்று தாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். ஒன்பது மணிக்குத் தாலி கட்டியான பிறகு அவர் வந்து நின்றால் யார் பதில் சொல்வது?

“சொந்தக் கையால் எழுதின மாதிரி இருக்கிறதே, ஸார்!” என்கிறார்கள். உற்றுப் பாருங்கள், பத்து ‘எஸ்’ஸும் ஒரே வார்ப்பு. (ஹெர்மன் ஸாப் 1998-ல் வெளிவந்த ‘ஸாப்ஃபினோ’வில் ஒரே எழுத்துக்குப் பல வடிவம் வரைந்து வைத்தார், அந்தச் சிரமம் யாருக்கு வேண்டியிருக்கிறது!) பெண், பிள்ளை பெயரைக் கொடியாய்ச் சுற்றிக்கொள்ளுங்கள். நேரமும் தெருவும் நிமிர்ந்த எழுத்தில் இருக்கட்டும். சொந்தக் கைதான் வேண்டுமென்றால், உறைமேல் தாத்தாவின் பெயரைப் பேனாவால் எழுதுங்களேன்.