அரை ஆயுளும் அந்தமான் கிழிஞ்சல் மேடும்

அந்தமான் தீவுகளில், ஆதிகுடிகள் தலைமுறை தலைமுறையாக உண்டு எறிந்த கிழிஞ்சல்களும் எலும்புகளும் அடுப்புக்கரியும் மேடுகளாகக் குவிந்து கிடக்கின்றன. எழுத்துச் சான்று எதையும் விட்டுச் செல்லாத அம்மக்களின் பண்டை வரலாற்றுக்கு இம்மேடுகளே ஏடுகள். தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்னுமிடத்து மேட்டைத் தொல்லியலறிஞர் ஜரீன் கூப்பர் ஆராய்ந்தார். கார்பன்-14 முறைப்படி அதன் வயது 2,280 ஆண்டுகள் எனவும், அதில் 90 ஆண்டு கூடவோ குறையவோ இடமுண்டு எனவும் கணிக்கப்பட்டது.

இத்தகைய எண் பிறக்கும் முறையை விளக்கும்போது மாணவர்க்கு வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்வித்தல் போதாது. கார்பன்-14 முதற்படி வினையின் விதிப்படி சிதைகிறது. ஒவ்வோராண்டும் எஞ்சியுள்ளதில் ஒரே விகிதம் மறைகிறது. அவ்விகிதமே வேக மாறிலி. 0.693 என்னும் எண்ணை அரை ஆயுளால் வகுத்தால் அது கிட்டும். அரை ஆயுள் 5,730 ஆண்டானால் மாறிலி ஆண்டுக்கு 0.000121, அதாவது, பத்து லட்சம் அணுக்களில் ஆண்டுக்கு 121 சிதையும்.

ஒரு கரித்துண்டில் முக்கால் பங்கு எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். பாதி மறைய 5,730 ஆண்டெனில், கால் பங்கு மறைய 2,865 ஆண்டு என்று கூறிவிடத் தோன்றும். அது பிழை. தொடக்கத்தில் அணுக்கள் மிகுதி. ஆதலின் சிதைவும் மிகுதி. 4/3 என்பதன் இயல்மடக்கையாகிய 0.2877 என்பதை மாறிலியால் வகுத்தலே முறை. விடை 2,378 ஆண்டு. சிறு தவறு ஒன்றால் ஒரு குடியின் வரலாறு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு பிறழ்ந்துவிடும்.

எந்த அரை ஆயுள் கொள்ளப்பட்டது என்பதையும் குறித்தல் வேண்டும். வில்லார்டு லிப்பி கையாண்ட 5,568 ஆண்டைக் கொண்டால் அதே கரித்துண்டின் வயது 2,311 ஆகிறது. மரபு வயது இன்றும் இவ்வெண்ணைக் கொண்டே வெளியிடப்படுகிறது. மரவளையங்கள் முதலியவற்றோடு ஒப்பிட்டுப் பின்னர் அது திருத்தப்படுகிறது.

களப்பணியாளர் பொறுப்பும் சிறிதன்று. கடலிலுள்ள பழைய கார்பனை ஏற்று வளர்வதால், கிழிஞ்சல் அதே காலத்துக் கரியைவிடச் சில நூறு ஆண்டு மூத்ததாகத் தோன்றும். எனவே, எடுத்த மாதிரி கரியா கிழிஞ்சலா, எந்த அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பவற்றை அவ்விடத்திலேயே எழுதிவைத்தல் கடமை. ஒருமுறை கலைத்த மேட்டை மீண்டும் அடுக்க இயலாது.

ஆசிரியர் மற்றொன்றையும் வலியுறுத்தல் நன்று. 0.693 என்னும் எண் முதற்படி வினைக்கே உரியது. இரண்டாம்படி வினையில் அரை ஆயுள் தொடக்கச் செறிவுக்கேற்ப மாறும். வினையின் படியை அறியாது மாறிலியைக் கணிப்பது, அளவுகோலைப் பாராமல் நிலத்தை அளப்பதற்கு ஒப்பாகும்.